சலோமி கேட்ட தண்ணீர்

என்னோடு முழங்காலில் நின்று அழுத சபையாருக்கு நான் இதுவரை பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியை இன்று சொல்கிறேன். கர்த்தர் என்னைப் பெலப்படுத்தட்டும்.

என் பெயர் ஜெபமணி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் நெல் போடுகிறோம். கணவர் போன பிறகு நானும் என் இரண்டு பெண்களும்தான். எங்கள் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் பத்தியம் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. சின்ன வயது நர்ஸ் ஏதாவது சொன்னால், "நீ எத்தனை புள்ள பெத்த?" என்று வாயை அடைத்துவிடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், சம்பா நடவு முடிந்த வாரம், மூத்தவள் சலோமிக்கு ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. மறுநாளே சிஸ்டர் வந்தார். "எழுப்பி நடக்க விடுங்கம்மா. தண்ணி நெறைய குடுங்க. இல்லன்னா கால்ல ரத்தம் கட்டிக்கும்" என்று சொல்லி, மாட்டிவிட இறுக்கமான நீளக் காலுறையும் கொடுத்தார். நான் தலையாட்டினேன். அவர் அந்தப் பக்கம் போனதும் அதைத் தலையணைக்கு அடியில் செருகினேன். பச்சை உடம்புக்காரி நடந்தால் தையல் பிரியும், தண்ணீர் குடித்தால் வயிறு போடும். இதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

"நாக்கு ஒட்டுதும்மா. ஒரு டம்ளர் தண்ணி குடும்மா."

"ரெண்டு வாய் போதும்டி. அப்புறம் வயிறு பானையாயிடும்."

ஐந்து நாளும் இதேதான். சிஸ்டர் கேட்டால், "நடந்தா சிஸ்டர், குடிச்சா சிஸ்டர்" என்று நானே பதில் சொன்னேன். நான்காம் நாள் இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்றாள். வீங்கியிருந்தது. ஜெப எண்ணெய் தடவி, ஜெபித்துக்கொண்டே அழுத்தி நீவிவிட்டேன். ஆறாம் நாள் காலை கழிப்பறைக்கு எழுந்தவள், "மூச்சு முட்டுதும்மா" என்று என் தோளைப் பிடித்தாள். அவ்வளவுதான். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலில் போய் அடைத்துவிட்டது என்றார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஓடி வந்த மருமகனிடமும், சின்னவளிடமும், உங்களிடமும் மாரடைப்பு என்றேன். கர்த்தருடைய சித்தம் என்று தேற்றினீர்கள். நானும் ஆமென் சொன்னேன். அதற்குப் பிறகு குடிக்கச் சொம்பைத் தூக்கினாலே குடிக்காமல் கீழே வைத்துவிடுவேன்.

போன மாசியில் இளையவள் ரூத்துக்குப் பிரசவம். அவளுக்கும் ஆபரேஷன் என்றாகிவிட்டது. டாக்டரம்மா கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருக்கா?" பக்கத்தில் சம்பந்தியம்மா நின்றார். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். 'கர்த்தாவே, இவளையாவது எனக்குத் தாரும்' என்று அழுதேன். வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. சலோமி தண்ணீர் கேட்டதுதான் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. மூன்று வருடமாக வராத ஒரு தைரியம் அப்போது வந்தது. நான் அப்படிப்பட்டவள் இல்லை. அது அவர் கொடுத்தது.

திரும்பிப் போய், எல்லோர் முன்னாலும் சொன்னேன். காலுறை, தண்ணீர், எண்ணெய், பொய் எல்லாவற்றையும். டாக்டரம்மா திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே. அக்காவுக்கு வந்திருந்தா தங்கச்சிக்கு நாங்க கூடுதல் கவனமா இருக்கணும். கால் வீங்குனா நீவக் கூடாதும்மா, எங்கள்ட்ட சொல்லணும்" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் ஊசி போட்டார்கள். மறுநாளே நடக்க வைத்தார்கள். காலுறையை நானே மாட்டிவிட்டேன்.

ரூத் என் தோளைப் பிடித்துத்தான் நடந்தாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை, பேசவில்லை. அக்காமேல் அவளுக்கு உயிர். சம்பந்தியம்மாதான் இடையில் நின்று தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஆறாம் நாள் காலை ரூத் தானாக எழுந்தாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். வராண்டாவின் கோடி வரை நடந்து, திரும்பி வந்து உட்கார்ந்தாள். "தண்ணி குடும்மா" என்றாள். கொடுத்தேன். முழு டம்ளரும் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். மூன்றாவதில் பாதி குடித்துவிட்டு, "போதும்மா" என்றாள். அந்த ஐந்து நாளில் சலோமி என்னிடம் ஒருதடவைகூட அப்படிச் சொன்னதில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னேன்.

இப்போதும் என்னைப் பத்தியத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போனதும் முதல் வேலையாகக் கட்டில் பக்கத்தில் தண்ணீர் வைக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் ஜெபம் பண்ணுங்கள், சிஸ்டர் சொல்வதையும் செய்யுங்கள். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தால் அதற்கும் அவரிடமே கேளுங்கள். என்னைப் போன்றவளுக்கே கொடுத்தார்.

சலோமியின் மகளுக்கு மூன்று வயதாகிறது. என்னோடுதான் இருக்கிறாள். அவளிடமும் ஒருநாள் நான் இதைச் சொல்ல வேண்டும். அந்த நாளுக்காக எனக்கு ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள்.