நூர் நிஷாவின் மீட்டர்

தர்மராஜுக்கு அந்த மீட்டரைப் பார்த்தாலே வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? பாம்பனில் இருபத்திரண்டு வருஷமாக விசைப்படகுகளுக்கு வயர் இழுக்கிறவன் அவன். அவன் கைபட்ட படகு நடுக்கடலில் விளக்கணைந்து நின்றதாக யாரும் சொன்னதில்லை. அதனால்தான், விமானத் தொழிற்சாலையில் தகடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற சேதுபதி, உச்சிப்புளியில் தன் தென்னந்தோப்புக் கொட்டகைக்குள் சொந்தமாக ஒரு குட்டி விமானம் கட்டத் தொடங்கியபோது அவனைத் தேடி வந்தார். கரண்ட் விஷயத்தில் அவன் வாக்குதான் அவருக்கு வேதம். ஏழு மாதம் விமானத்துக்குள் மல்லாந்து கிடந்து வயரிங்கை முடித்தான். முடித்ததும் எல்லாவற்றையும் தகடு போட்டு மூடிவிட்டார்கள்.

கடைசியில் வந்தாள் புதுமடத்து நூர் நிஷா. படகுகளின் ஜி.பி.எஸ்., கடலாழம் காட்டும் எக்கோ சவுண்டர் பழுது பார்க்கிறவள். எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரிகிற செம்புப் பட்டையைச் சேதுபதி ‘பஸ்’ என்பார். அதில் இரண்டு வயரைக் கோத்து, எத்தனை வோல்ட் வருகிறதென்று காட்டும் மீட்டரை முன்பலகையில் பொருத்தினாள். ஒரு மத்தியான வேலை. பார்க்க வந்தவர்களெல்லாம் அந்தப் பச்சை எண்களைத்தான் செல்போனில் படம் பிடித்தார்கள். “புதுமடத்துப் பொண்ணு செஞ்சது” என்று சேதுபதி வேறு பெருமையடித்தார். நோகாமல் நொங்கு தின்கிறாள் என்று தர்மராஜ் பல்லைக் கடித்தான்.

செவ்வாய்க்கிழமை எஞ்சினை ஓடவிட்டார்கள். பதினான்கில் நின்ற மீட்டர், பம்பு, ரேடியோ, விளக்கு எல்லாம் போட்டதும் பன்னிரண்டுக்கு இறங்கியது. தர்மராஜுக்கு எரிந்த வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தன் மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தான். பதினான்கு.

“பாத்தீகளா சார்? பேட்டரியில பதினாலு இருக்கு. அந்தப் புள்ள மீட்டர் பொய் சொல்லுது. கழத்தி எறிங்க.”

“இதுல ஏறிப் பறக்கப் போறவன் நான், தர்மா. பொய் சொல்ற மீட்டர் ஆகாது” என்ற சேதுபதி எஞ்சினை நிறுத்திவிட்டு, வந்து கழற்றிக்கொண்டு போகச் சொல்லி அவளுக்குப் போன் போட்டார்.

அவள் வருவதற்குள், ஜெயித்த சுகத்தை இன்னொரு தடவை ருசிக்கலாமென்று தர்மராஜ் பக்கத் தகட்டைக் கழற்றி, மல்டிமீட்டரைப் பேட்டரியில் ஒரு தடவையும் பஸ்ஸிலேயே ஒரு தடவையும் வைத்தான். பம்பும் விளக்கும் போட்டபடியே இருந்தன. பேட்டரியைவிடப் பஸ்ஸில் இரண்டு வோல்ட் குறைச்சல். அவள் மீட்டரும் பஸ்ஸில் வந்த அதே எண்ணைத்தான் காட்டியது.

பேட்டரியிலிருந்து பஸ்ஸுக்கு ஓடும் தடித்த வயரைத் தடவிக்கொண்டே போனான். ஓரிடத்தில் டேப் சுட்டது. அந்த இரண்டு வோல்ட் இங்கேதான் சூடாகிக் கரைந்துகொண்டிருந்தது. வயர் ஒரு சாண் பத்தாமல், துண்டு வயரை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றிய இடம். படகில் அப்படித்தான் செய்வான். வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் பழைய வயரைப் பிடுங்கிப் போட்டுப் புதிதாக இழுக்கப் போகிறான், அதுவரை தாங்கினால் போதும். விமானத்துக்கு ஏது தடைக்காலம்?

வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் மீட்டர் போகும், அவளும் போவாள், இந்தச் சூட்டைச் சொல்ல ஆளிருக்காது. போகட்டுமே என்று ஒரு நிமிஷம் நினைக்கத்தான் செய்தான்.

ஸ்கூட்டரில் வந்து இறங்கிய நூர் நிஷா மீட்டரைத் தொடவே இல்லை.

“எங்கன வச்சு அளந்தீக, அண்ணே?”

“பேட்டரியில.”

அவள் குனிந்து தடித்த வயரைத் தடவ ஆரம்பித்தாள். அவள் விரல் டேப்பை நோக்கி நகர நகர தர்மராஜுக்குப் பொறுக்கவில்லை. தன் வயரிங்கில் இருக்கும் குற்றத்தையும் இவளா கண்டுபிடிப்பாள்?

“கையை எடும்மா! அது என் ஜாயிண்ட். தப்பு என்னோடது. நாந்தான் பிரிப்பேன்.”

சேதுபதி கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம் என்றிருந்தது தர்மராஜுக்கு.

சாயங்காலத்துக்குள் ஒட்டுப்போடாத ஒரே வயராக இழுத்து முடித்தான். எஞ்சின் ஓடியது. எல்லாவற்றையும் போட்டும் மீட்டர் பதின்மூன்றரைக்குக் கீழே இறங்கவில்லை. சேதுபதியின் முகம் தெளிந்தது. “மீட்டர்னா இதுல்ல மீட்டர்!”

“மீட்டர்ல என்ன சார் இருக்கு? அது காட்டுறது தர்மராஜ் அண்ணன் இழுத்த வயரோட தரத்தை” என்றாள் நூர் நிஷா.

ஏழு மாதமாக அவன் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதையும் இவள்தான் சொல்ல வேண்டியிருந்ததா என்று தர்மராஜுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.