நகராத முள்

ஏலக்கூடத்தில் மீன் நிறுக்கும் தொங்கு தராசு அது. வட்ட முகம், கறுத்த முள், கீழே ஒரு கொக்கி. 2006 மழைக்காலத்தில் ஒருநாள் அந்தக் கொக்கியில் என் தங்கையின் சேலையைத் தூளியாகக் கட்டி, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத அவள் குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். எங்களுக்கு அம்மா இல்லாததால் பிரசவம் முதுநகரில் புகுந்த வீட்டிலேயே நடந்தது. எல்லோரும் முள்ளையே பார்த்தோம். போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது.

“முள்ளு நவுரலியே. பால் இருக்காடி ஒனக்கு?” என்றார் அவள் மாமியார்; எனக்கு அத்தை முறை. தங்கை சுவரைப் பார்த்தாள். வந்து போன ஒவ்வொருவரும் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

அத்தைக்குத் தெரிந்த வைத்தியம் பால்சுறா. வேகவைத்து உதிர்த்து, பூண்டு தட்டிப்போட்டுப் புட்டு செய்தால் தாய்க்குப் பால் சுரக்கும் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. ஆனால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகுகள் கரையில் கிடந்தன. சந்தையில் சுறா இல்லை. தங்கையின் கணவர் வலையை எடுத்தார். நாளிதழ் நிருபரான நான் வழிமறித்தேன்.

“கிட்டத்துலதான் மச்சான். போட்டுட்டு ஓடியாந்துடுவேன். நாளைக்கி எம்பேர ஒம் பேப்பர்ல போடாத, அது போதும்.”

சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு கண்வரை எட்டவில்லை.

அவர் போன பிறகு குழந்தையின் அழுகை தேய்ந்தது. வீட்டில் அதை நிம்மதி என்று நினைத்தார்கள். எனக்கு வேறு விஷயங்கள் கண்ணில் பட்டன: உலர்ந்த உதடு, நனையாத துணி. அத்தையின் வசவைக் காதில் வாங்காமல், நான் வேலை பார்த்த சிதம்பரத்துக்கே தங்கையையும் குழந்தையையும் வேனில் கூட்டிப் போனேன். அங்கே ஒரு மருத்துவமனையின் மூத்த செவிலியரைச் செய்தி சேகரிக்கப் போன வகையில் தெரியும். மருத்துவர் குழந்தையைப் பார்த்துவிட்டு, தாமதித்திருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டச் சொன்னார்.

திரைக்கு வெளியே நின்ற எனக்குச் செவிலியரின் குரல் கேட்டது. “பால் குடுக்கறப்ப வலிக்குதாம்மா?”

பதிலுக்கு அழுகைதான் வந்தது. காம்பு வெடித்திருந்தது. குழந்தை வாய்வைத்த உடனே உயிர் போகும் வலி. பல்லைக் கடித்துக்கொண்டு, பாதியிலேயே பிடுங்கிவிடுவாளாம். பால் இருந்தது. குழந்தைக்குப் போய்ச் சேரவில்லை. வாயை அகலத் திறக்கவைத்து, ஆழமாகப் பற்றவைக்கும் விதத்தைச் செவிலியர் காட்டிக்கொடுத்தார். வெளியே வந்தவரிடம் சுறாவைப் பற்றிக் கேட்டேன்.

“அதுனால பால் ஊறும்னு உறுதியா சொல்ற மாதிரி ஆய்வு எதுவும் நான் பாத்ததில்ல சார். சுறாவுல பாதரசம் வேற ஜாஸ்தி. நெத்திலி, மத்தி சாப்புடட்டும். புள்ள நல்லா சப்பிக் குடிச்சா பால் தானா ஊறும்.”

அந்த நேரம் மச்சான் கடலில் இருந்தார். அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. சன்னலுக்கு வெளியே கீழ்த்திசை மையாக இருண்டிருந்தது. உள்ளே குழந்தை விழுங்கும் சத்தம் கேட்டது. தங்கை என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் கைபேசியைப் பார்த்தேன்.

மறுநாள் விடிந்த பிறகு அழைப்பு வந்தது. பாதி வலை போய்விட்டது, கையில் ஒரு சுறா, ஆள் முழுசு.

அடுத்த முறை முள் மேலே ஏறி நின்றது. “பாத்தியா, சுறா வேல செய்யிது,” என்றார் அத்தை. செவிலியர் சொன்னதையெல்லாம் என்னிடம் கேட்டறிந்திருந்த மச்சான் என் காதருகே குனிந்து, “அப்ப நான் போனது வீணா மச்சான்?” என்று கேட்டார்.

ஆறு ஆண்டுகள் கழித்து அதே கொக்கியில் மச்சானுடைய தம்பியின் குழந்தை தூளியில் கிடந்தது. எல்லோரும் முள்ளைப் பார்த்தோம். அது நடுங்கி நிற்பதற்குள் அத்தை வாயைத் திறந்தார். “பால் இருக்...”

“நீ சும்மா இரும்மா,” என்றார் மச்சான். அவர் முள்ளைப் பார்க்கவே இல்லை. என் தங்கையிடம் திரும்பிச் சொன்னார்: “அந்தப் பொண்ண உள்ள கூட்டிட்டுப் போயி, வலிக்குதான்னு கேளு.”