பூட்டிய காரும் நர்ஸம்மாவும்

தையல்காரரின் படுக்கைப் புண்ணைக் கழுவித் துடைத்துவிட்டு, அதன் குழிக்குள் மருந்துத் துணியை அடைத்துக்கொண்டிருந்தாள் நர்ஸம்மா. வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிப்பது முப்பது ஆண்டுகளாக அவள் வேலை. நானும் அதே வேலை பார்த்தவள்தான். அவள் வேகம் எனக்கு வந்ததில்லை.

வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார்.

“வெளிய நிக்கிற வெள்ளைக் கார் யாரோடது?”

“என்னோடதுதான். வழிய மறைக்குதா?” என்றாள் நர்ஸம்மா.

“சாவியக் குடுங்க, சோதிக்கணும். வீட்டுக்கு வீடு பையோட போறீங்க, கொஞ்ச நேரத்துல வந்துடுறீங்க. காலையிலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

குப்புறப் படுத்திருந்த தையல்காரர் சிரித்துவிட்டார். “ஆமா சார், எனக்கும் சரக்கு குடுத்திருக்கா. முதுகுக்குக் கீழ இருக்கு, வந்து பாருங்க.”

“ஆடாம படுங்கப்பா. துணி வெளிய வந்துடும்.”

காருக்குள் முத்திரையிட்ட ஒரு பெட்டி இருந்தது. தெருக்கோடியில் இருக்கும் பஸ் டிரைவருக்கான வலி மருந்து அதில். புற்றுநோய் எலும்புவரை போய்விட்ட மனிதர். பதினோரு மணிக்கு ஊசி. ஒருவருடைய மருந்தை இன்னொரு நோயாளியின் வீட்டுக்குள் எடுத்துப் போகக் கூடாது என்பது எங்கள் தொழில் ஒழுங்கு. அதனால் காரிலேயே பூட்டி வைத்திருந்தாள். பெட்டியின் முத்திரையை வெளியாள் உடைத்துவிட்டால் மருந்து முழுவதும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிடும். புதிது வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் டிரைவர் அலறிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

“சாவி தர மாட்டேன்.”

“மறைக்க ஒண்ணுமில்லேன்னா எதுக்குப் பயம்?”

“உங்க வீட்டு பீரோவுலயும் மறைக்க ஒண்ணும் இருக்காது. நான் வந்து தொறக்கட்டுமா? பூட்டி நிறுத்தின வண்டிக்கு என் சம்மதம் வேணும், இல்ல கோர்ட் உத்தரவு வேணும், இல்ல உள்ள தப்பா எதையாவது நீங்க பாத்திருக்கணும். என்ன பாத்தீங்க?”

“கண்ணாடிய ஒடைச்சே பாக்க முடியும்.”

“ஒடைங்க. என்ன சந்தேகம்னு மொதல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. டாக்டர் மாதிரி கிறுக்காதீங்க, படிக்கிற மாதிரி இருக்கணும்.”

அவர் எழுதவில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டார். “இல்ல சார்... கண்ணாடி வழியா ஒரு போர்வைதான் தெரியுது சார்... வேற ஒண்ணும் பாக்கல சார்...” ஒவ்வொரு ‘சாரு’க்கும் குரல் இறங்கிக்கொண்டே போனது.

“சரி, நீங்க போலாம்” என்றார் கடைசியில்.

“கட்டு முடியாம எங்க போறது?” என்று பிளாஸ்திரியைக் கிழித்தாள்.

டிரைவருக்கு ஊசி நேரத்துக்குப் போட்டாகிவிட்டது.

மறுநாள் காலை, முதல் வீட்டுக்குப் போகும் முன் காவல் நிலையத்துக்குப் போய், நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள்.

“அதான் சோதனையே நடக்கலையேம்மா” என்றார் அங்கிருந்த எழுத்தர்.

“நான் விடல. எங்ககிட்ட புதுசா சேர்ந்த பொண்ணுங்க பயந்து சாவிய நீட்டிடுவாங்க. வாங்கி வைங்க.”

பெற்றுக்கொண்டோம் என்று நகலில் அவர் எழுதித் தரும்வரை அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.