மாலினி அக்கா எங்கள் வீட்டு ஆங்கிலம் கேட்க வந்த நாள்

மாலினி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி கைபேசியில் வந்தபோது மெரிலேண்ட்ஸ் கடைத்தெருவில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இனி என் மகள் தர்ஷாவின் பேச்சை யார் கேட்டுச் சொல்வார்? குழந்தைகளின் பேச்சு சிகிச்சையாளராக அவரை அறிந்த பெற்றோர் பலரும் அன்று இதே பயத்தில்தான் இருந்திருப்பார்கள்.

நாங்கள் மலேசியாவிலிருந்து இங்கே குடியேறியவர்கள். வினைச்சொல்லில் காலம் காட்டும் வாலை வெட்டிவிட்டுப் பின்னால் ஒரு ‘ஆல்ரெடி’யை ஒட்டிப் பேசுவது எங்கள் ஆங்கிலம். தர்ஷாவுக்கு ஆறு வயதானபோது, அவளுக்கு மொழிக் குறைபாடு இருக்கலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். “நம்ம இங்கிலீஷ் அவங்களுக்குப் புரியல, அவ்வளவுதான்,” என்றார் என் கணவர். சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். எனக்கு மட்டும் தூக்கம் போயிற்று.

மாலினி அக்கா தர்ஷாவைத் தம் அறைக்கு அழைக்கவில்லை. “சாப்பாட்டுக்கு வாறன். அவளின்ர வயசுப் பிள்ளை ஒண்டையும் கூப்பிடுங்கோ,” என்றார். என் தங்கை மகள் மீராவை வரவழைத்தேன். வந்தவர் முன்னால் மானம் போகக்கூடாதென்று நான் அலுவலக ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினேன். பிள்ளைகள் இருவரும் யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். அக்கா சிரித்துவிட்டார். “இது வேலை இடத்து இங்கிலீஷ். நான் கேக்க வந்தது வீட்டில கதைக்கிறதை.”

வெட்கத்தை விட்டுப் பேசினோம். மீராவும் தர்ஷாவைப் போலவே வாலை வெட்டினாள். “ஓம், இது குறையில்லை. இது உங்கட இங்கிலீஷ்,” என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. பிறகு, அன்று காலை பிள்ளைகள் போய்வந்த ஹெலன்ஸ்பர்க் கோயிலில் நடந்ததைச் சொல்லச் சொன்னார். மீரா, செருப்பு தொலைந்ததிலிருந்து கிடைத்ததுவரை சொன்னாள். என் மகள் “செருப்பு” என்றாள், “ஐயர்” என்றாள். எதை முதலில் சொல்வதென்று தெரியாமல் விழித்தாள். தமிழில் கேட்டபோதும் அப்படித்தான். “இன்னும் ரெண்டு மூண்டு தரம் பாக்க வேணும். ஆனா எனக்கு இங்கதான் பயமாக் கிடக்கு,” என்றார். அடுத்தடுத்துப் பார்த்ததில் அவர் பயந்தது சரியாகவே இருந்தது: நடந்ததைக் கோத்துச் சொல்வதில் தர்ஷாவுக்குக் குறை இருந்தது.

இத்தனை அனுபவம் உள்ளவருக்கு என்ன பயம் என்று ஒருமுறை கேட்டேன். “ஒவ்வொரு பிள்ளைக்கும் பயம்தான். இல்லாத குறையை ஒட்டிப்போடுவனோ எண்டும் பயம். இருக்கிற குறையை ‘எங்கட இங்கிலீஷ்’ எண்டு மூடிப்போடுவனோ எண்டும் பயம்.” வாராவாரம் வந்தார். தர்ஷா தடுமாறும்போது நான் சொல் எடுத்துக்கொடுத்தால் என் கையைப் பிடித்து அமர்த்துவார். “பிள்ளை இன்னும் முடிக்கேல்லை.”

செய்தி வந்த அன்று மாலை தர்ஷாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்பா வந்ததும் அவரிடம் ஓடினாள். “மாலினி ஆன்ட்டி ஹார்ட் பெய்ன்,” என்றாள். நின்றுவிட்டாள். அடுத்த சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவளே தொடர்ந்தாள்: “ஆம்புலன்ஸ் கம். தென் ஹாஸ்பிட்டல். ஷீ டை ஆல்ரெடி.”

முதலிலிருந்து முடிவுவரை, வரிசை மாறாமல், அவள் தானாகச் சொன்ன முதல் செய்தி அது. அடுத்து வரும் சிகிச்சையாளர் இதைக் கேட்டு, வால் வெட்டியதைக் குறையென்று எழுதிவிடுவாரோ என்று எனக்குப் பயம். மாலினி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: அவள் முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.