சிக்கரி இல்லாத வீடு

என் அப்பா முப்பத்து நான்கு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தினார். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட யாருக்குக் கல்யாணம் என்று பார்க்க மாட்டார். தப்பு எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவார். அப்படிப்பட்டவருக்கு உலகத்தில் குறையே இல்லாத பொருள் ஒன்று உண்டென்றால், அது அம்மா போட்ட காபி.

காலையில் எங்களை எழுப்பியது அந்த மணம்தான். அப்பா முதல் மடக்கு குடித்துவிட்டு "ம்" என்பார். அந்த "ம்" வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததாகக் கணக்கு. பரீட்சை நாளில் எனக்கும் அரை டம்ளர் கிடைக்கும். அதற்காகவே பரீட்சை வராதா என்று ஏங்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா ஆரம்பித்துவிடுவார். "எங்க வீட்ல சுத்தமான காபிக்கொட்டை மட்டும்தான். சிக்கரியை வாசப்படி ஏற விட்டதில்ல. அதைக் கலந்தா அது காபியா? கஷாயம்!" எனக்கு மானம் போகும். வந்தவர்கள் பாவம், தலையாட்டிக்கொண்டே குடிப்பார்கள்.

அம்மா போய் இரண்டு மாதம் ஆகிறது. அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சோறு இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. நான் போடும் காபியையும் இரண்டு மடக்கு குடித்துவிட்டு ஜன்னலோரம் வைத்துவிடுவார். கேட்டால், "நல்லாத்தான்மா இருக்கு" என்பார். நன்றாக இருந்தால் குடிக்க வேண்டியதுதானே! கோபம் பொத்துக்கொண்டு வரும்; அடுத்த நிமிடமே பயம் வரும். காபியையே விட்ட மனிதரை வேறு எதை வைத்துப் பிடித்து நிறுத்துவது?

பொடியில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அம்மா வழக்கமாக வாங்கும் கடைக்கே போனேன். அரைவை மிஷின் பக்கத்தில், புருவம் வரை பொடி அப்பியபடி கடைக்காரர் நின்றிருந்தார்.

"பியூர் அரைக் கிலோ. அம்மாவுக்குக் குடுத்த மாதிரி ஒழுங்கா வறுத்துக் குடுங்க" என்று சண்டைக்கே போனேன்.

"அச்சகத்துக்காரர் வீடுதானே? உங்களுக்கு எதுக்கும்மா பியூர்? உங்கம்மா நூத்துக்கு முப்பது சிக்கரி போடச் சொல்லித்தான் வாங்குவாங்க."

"வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க!"

"நான் எதுக்கும்மா பொய் சொல்றேன்? பியூர் குடிச்சா அவருக்கு நெஞ்சு எரியுமாம். சொன்னா சண்டைக்கு வருவாராம். அதனால பாக்கெட் மேல மட்டும் 'பியூர்'னு எழுதித் தரணும். இருபத்தாறு வருஷமா நான்தான் எழுதுறேன். அதுக்கு முன்னாடி எங்கப்பா எழுதினாரு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடி கள்ளி! பெற்ற பெண்ணிடம்கூட மூச்சு விடவில்லையே! முப்பது கலந்தே வாங்கினேன். அவரும் மறக்காமல் மேலே 'பியூர்' என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை டம்ளரை அப்பா கையில் கொடுத்துவிட்டு, துணி மடிக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன். ஒரு மடக்கு. இரண்டு. மூன்றாவதும் உள்ளே போனது. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு வெறும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிக்கரி போட்டியா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தப்பு கண்டுபிடிச்சே வயித்தைக் கழுவினவன்மா நான். முதல் நாளே தெரியும்."

"அப்புறம் எதுக்கு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அந்தப் பீத்தல்?" என்று கத்தியே விட்டேன்.

"நான் பியூர்னு சொல்ற ஒவ்வொரு தடவையும், உங்கம்மா அடுப்படில வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. என்னை ஏமாத்திட்டாளாம். அந்தச் சிரிப்பு இங்க வரைக்கும் கேக்கும். அதைக் கேக்கத்தான்மா..."

அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் அப்பா அழுதார்.