பதிவேட்டில் அடித்த பெயர்

நான் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். செஞ்சியில் எங்கள் தெருக்காரர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பங்களை நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். பள்ளிக்கூடப் பழக்கம், எந்தத் தாளுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்வேன். ஆதார், சாதிச் சான்று என்று ஆளுக்கு ஒரு ஃபோல்டர் என் கணினியில் இருந்தது. யாரிடமும் கேட்டு வைக்கவில்லை.

அவற்றில் ஒன்று எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு பெண்ணுடையது. கணவனின் அடி பொறுக்காமல் மகளோடு அவலூர்பேட்டைக்குப் போய்விட்டவள். இருக்குமிடம் அவனுக்குத் தெரியாது. அவளுடைய புகார் மனுவை நான்தான் தட்டச்சு செய்தேன். புது முகவரி அதில் இருந்தது.

பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது என்றானதும் புதுக் கணினி வாங்கினேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினிக் கடை நடத்தும் அம்மாள் அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். பழையதை ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் மாணவன் கேட்டான். ஃபைல்களைப் புதியதில் நகலெடுத்துக்கொண்டு, பழையதில் அழித்துவிட்டுக் கொடுத்தேன்.

பழையதில் மற்றவர்களுடைய ஆவணம் ஏதாவது இருந்ததா என்று அந்த அம்மாள் அப்போதே கேட்டார். இல்லை என்றேன். ஊரார் தாள்களைச் சேர்த்து வைத்த வாத்தியார் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சத்தில் சொன்ன பொய்.

இரண்டு நாள் கழித்து, அழித்த ஃபைல் அடியோடு போய்விடுமா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"ரெஜிஸ்டர்ல பேர அடிச்சிட்டா பையன் போயிடுவானா சார்? கிளாஸ்லதான் உக்காந்துனு இருக்கான். தேடத் தெரிஞ்சவன் கூப்ட்டா எழுந்து நிப்பான்."

அந்த ஜெராக்ஸ் கடைக்குத் தினமும் வந்து பேசிக்கொண்டிருப்பவன் அவலூர்பேட்டைக்குப் போனவளுடைய கணவன். உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு என்னோடு வந்தார்.

ஜெராக்ஸ் கடையில், நான் பழைய வேட்டியில் கட்டிக் கொடுத்தபடியே கணினி மூலையில் இருந்தது. முடிச்சுகூட அவிழ்க்கவில்லை.

"இன்னா சார், குடுத்தத திரும்ப வாங்கினு போக வந்துட்டீங்களா?" என்றான் மாணவன்.

கொஞ்சம் வேலை பாக்கி என்று சொல்லி அந்த அம்மாள் உட்கார்ந்தார். ஹார்டு டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழிக்க மூன்று மணி நேரம் பிடித்தது. நடுவில் அந்தக் கணவன் வந்தான், எனக்கு வணக்கம் சொன்னான், டீ குடித்துவிட்டுப் போனான். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் மாணவனுக்கும் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார் அந்த அம்மாள். என் புதுக் கணினியையும் வாங்கி, கடவுச்சொல் இல்லாமல் டிஸ்க்கையே படிக்க முடியாதபடி பூட்டித் தந்தார்.

மறுநாள் அவலூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன்.

"இப்ப அந்தப் பேப்பர் எங்க சார் இருக்குது?"

புதுக் கணினியில், பூட்டித்தான் இருக்கிறது என்றேன்.

"அது ஏன் உங்ககிட்ட இருக்கணும்?"

ஊருக்கு வந்து, அவரவர் தாள்களை அச்செடுத்து அவரவரிடம் கொடுத்துவிட்டு என்னிடம் இருந்தவற்றை முறையாக அழித்தேன். அழிக்கும் முறையைக் கடைக்கார அம்மாளே கற்றுத் தந்தார்.

இன்றும் விண்ணப்பம் என்றால் அந்தப் பெண் எனக்குத்தான் போன் செய்கிறாள். வேலை முடிந்ததும், "அழிச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் வைக்கிறாள். ஒவ்வொரு முறையும் அப்படிக் கேட்கிறாளே, அதற்கு நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.