செம்பாறை ஓடையில் தலைவர் கேட்ட குரல்

நம்பினால் நம்புங்கள். கிர்கிஸ் மலையில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். டோரோன்பெக்குக்கு நடந்தது நடந்ததுதான்.

அவர் கூட்டுப்பண்ணைத் தலைவர். மூடநம்பிக்கை ஒழிப்புப் பேச்சாளரும்கூட. பேய் இல்லை என்று இரண்டு மணி நேரம் முழங்குவார். கேட்பவர்கள் பாதியில் தூங்கிவிடுவதால் பேய் பயம் நிஜமாகவே போய்விடும்.

அன்று மேய்ச்சல் மலைக் கூடாரத்தில் மருமகள் கனிஷாய்க்கு இடுப்பு வலி கண்டது. மகன் மந்தையோடு மேலே போயிருந்தான். மருத்துவச்சியை அழைத்துவரத் தலைவரே குதிரை ஏறினார்.

"ஓடையில மஞ்சத் தலைக்காரியைப் பார்த்தா கண்டபடி கத்துங்க," என்றாள் மனைவி பூருல். "பிள்ளை பெறுறவளோட ஈரலை எடுத்துட்டு வந்து தண்ணியில முக்குவா. முக்கிட்டா உயிர் போச்சு. கத்தினா பயந்து திருப்பி வச்சிருவா."

"தலைவர் பொண்டாட்டி பேசுற பேச்சா இது?"

"தலைவர் கத்த வேணாம். உங்க தொண்டை கத்தினா போதும்."

ஒரு மலை தாண்டினால் ஓடை. செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே பால் கலந்த நீலமாய் இறங்கியது. காட்டு ரோஜா வாசம். முகட்டில் கடைசி வெயில்.

குதிரை நின்றுவிட்டது.

ஓடையின் இரைச்சல் இல்லை... தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கரையில் ஒருத்தி. முதுகுதான் தெரிந்தது. மஞ்சள் தலைமயிர். கையில் கருஞ்சிவப்பாய் ஏதோ... அதிலிருந்து ஆவி பறந்தது.

தலைவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். யாராவது பார்த்துத் தொலைத்தால்?

"டோரோன்பெக்!"

காதோரம் ஒரு பெண் குரல். 'தலைவர்' இல்லை, 'ஐயா' இல்லை, மொட்டைப் பெயர். அந்த நேரத்திலும் அவருக்குக் கோபம் வந்தது.

"டோரோன்பெக்! கத்து!"

தொண்டையைச் செருமினார்.

"யாரும்மா அங்க?" என்றார், மேடைக் குரலில்.

அவள் திரும்பவில்லை.

குனிந்தாள்.

சளப்...

ஓடை மறுபடி இரைந்தது. கரையில் யாரும் இல்லை.

மருத்துவச்சியோடு அவர் திரும்பியபோது பூருல் கூடாரத்துக்கு வெளியே தலைவிரிகோலமாய் நின்றாள். உள்ளே குழந்தை அழுதது. குழந்தை மட்டும்.

"மாமனார் பேரை எந்த மருமகளாவது சொல்லுவாளா?" என்றாள். "நாலு வருஷமா நம்ம கனிஷாய் சொன்னதில்ல. இன்னிக்கு அலறினா. பக்கத்துலயே நிக்கிறாரு, கத்த மாட்டேங்கிறாருன்னு..."

தலைவர் குதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா என்னைப் பார்த்துக் கேட்டா. 'ஏன் அத்தே, தொண்டையை மட்டும் செருமுறாரு?'ன்னு."